கப்பல் பயணத்தில் நல்ல டீ: சேலத்துக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலத்திலிருந்து உல்லாசக் கப்பல் ஏறுகிறவர்கள் இப்போது நிறையப் பேர். சென்னைத் துறைமுகத்தில் ஏறி இலங்கை போய்வருகிறவர்கள் ஒரு பக்கம்; 2023 இல் எம்பிரஸ் கப்பல் அந்த வழியில் ஓடத் தொடங்கியது. சிங்கப்பூர் வரை விமானத்தில் போய் அங்கிருந்து பினாங்கு, புக்கெட் என்று சுற்றுகிறவர்கள் இன்னொரு பக்கம். அமெரிக்காவில் இருக்கும் மகனையோ மகளையோ பார்க்கப் போய், அங்கேயே ஒரு கப்பல் பயணத்தையும் முடித்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. இவர்களைக் குழுவாக அனுப்பிவைப்பது என் வேலை. விசாவைவிட, வாந்தி மாத்திரையைவிட, அதிகம் கேட்கப்படுவது டீயைப் பற்றித்தான். காலையில் ஒரு நல்ல டீ இல்லாவிட்டால் நம் ஆட்களுக்கு அந்த நாளே ஓடாது. அதனால் கேள்விகளையும் பதில்களையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

அவ்வளவு பெரிய கப்பல், அவ்வளவு சாப்பாடு. டீ மட்டும் ஏன் சுமாராக இருக்கிறது?

சூடு போதாததுதான் காரணம். தூள் மட்டம் என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் தூளில் குறையில்லை.

ஏற்காடு அடிவாரத்தில் ஒரு டீக்கடை முன்னால் இரண்டு நிமிடம் நின்று பாருங்கள். பாய்லர் எந்நேரமும் கொதித்துக்கொண்டே இருக்கிறது. மாஸ்டர் கண்ணாடி டம்ளரை முதலில் கொதிநீரில் அலசுகிறார். தூள் போட்ட துணி வடிகட்டியில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் இறங்குகிறது. பால் பக்கத்து அடுப்பில் ஏடு கட்டக் காய்கிறது. டம்ளர், தண்ணீர், பால் மூன்றுமே சூடு. ஆற்றிக் கொடுத்த பிறகும் ஓரத்தைப் பிடித்துத்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

கப்பல் பஃபேயில் நடப்பது வேறு. அடுக்கி வைத்த தடித்த பீங்கான் கோப்பை ஏசி குளிரில் சில்லென்று இருக்கும். குழாயில் வரும் வெந்நீர் கொதிநிலைக்கு 10, 15 டிகிரி கீழே இருப்பது சகஜம்; ஆயிரக்கணக்கான பேர் தாங்களே பிடித்துக்கொள்கிற இடத்தில் யார் கையும் வெந்துவிடக் கூடாது என்று பார்க்கிறார்கள். அந்தக் கோப்பையில் விழுந்ததும் சூடு இன்னும் இறங்கும். அதன்மேல் டீ பை மிதக்கும். அப்புறம் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பால் சேரும். கருப்புத் தேயிலை சாறு விட 95 டிகிரிக்கு மேல் சூடு இருந்தால் நல்லது. அது கிடைக்காதபோது நிறம் மட்டும் வரும், கடுப்பு வராது. நாலு பை போட்டாலும் அதே கதைதான்.

சூட்டைக் காப்பாற்றத் தெரிந்துவிட்டால் எந்தக் கப்பலிலும் குடிக்கத்தக்க டீ கிடைக்கும். கீழே சொல்வதெல்லாம் அதற்கான வழிகள்.

கடலில் தண்ணீர் சரியாகக் கொதிக்காது என்கிறார்களே, உண்மையா?

இல்லை. தலைகீழாகச் சொல்கிறார்கள். கடல் மட்டத்தில்தான் தண்ணீர் முழு 100 டிகிரியில் கொதிக்கும். மேலே போகப் போகத்தான் கொதிநிலை குறையும். ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். ஆக அங்கே ஏரிக்கரைக் கடைகளில் தண்ணீர் 95 டிகிரியிலேயே தளதளவென்று கொதித்துவிடும். அந்த 95 இல் போட்ட டீயை எல்லாரும் விரும்பித்தான் குடிக்கிறோம். கப்பல் சமையலறையில் கொதிக்கும் தண்ணீர் ஏற்காட்டுத் தண்ணீரைவிடச் சூடானது. அங்கிருந்து உங்கள் கோப்பைக்கு வந்து சேர்வதற்குள் ஆறிவிடுவதுதான் பிரச்சினை.

கெட்டில் எடுத்துப் போகலாமா? வாளியில் போடும் ஹீட்டர் ராடு?

கூடாது. கப்பலில் தீ விபத்தைவிடப் பெரிய பயம் கிடையாது. அதனால் சூடேற்றும் கம்பி உள்ள எதையும், கெட்டில், இஸ்திரிப்பெட்டி, ஹீட்டர் ராடு, சின்ன மின் அடுப்பு எல்லாவற்றையும், பெரும்பாலான கப்பல்களில் தடை செய்திருக்கிறார்கள். பெட்டியை ஸ்கேன் செய்யும்போது பிடிபடும், எடுத்து வைத்துக்கொள்வார்கள். திரும்ப இறங்கும்போது வாங்கிக்கொள்ள வரிசையில் நிற்க வேண்டும். ஒளித்து வைத்துக் கொண்டுபோகலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் எப்போதும் ஒன்றுதான்: வேண்டாம். அந்தக் கப்பலில் நம் குழந்தைகளும் தூங்குகிறார்கள்.

பிரிட்டனின் பி அண்ட் ஓ, குனார்டு கப்பல்களில் அறையிலேயே கெட்டில் வைத்திருப்பார்கள். அமெரிக்கக் கம்பெனிக் கப்பல்களில் பொதுவாக இருக்காது. முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். இருந்தால் உங்கள் கவலையில் முக்கால்வாசி அங்கேயே முடிந்தது.

கெட்டில் இல்லையென்றால் எப்படிப் போடுவது?

ஒரு ஃபிளாஸ்க் போதும். இதை நான் எல்லாரிடமும் வற்புறுத்திச் சொல்கிறேன். அரை லிட்டர் எவர்சில்வர் ஃபிளாஸ்க், வாய் அகலமாக இருந்தால் கழுவ வசதி.

முதலில் வெந்நீர் கொஞ்சம் பிடித்து ஃபிளாஸ்க்கில் ஊற்றி, மூடி, ஒரு நிமிடம் வைத்துக் கொட்டிவிடுங்கள். மாஸ்டர் டம்ளரை அலசுகிறாரே, அதே வேலைதான் இது. ஃபிளாஸ்க் உள்ளே சூடேறிவிட்டது. இப்போது மூன்று அல்லது நாலு டீ பைகளைப் போட்டு, நூலை வாய்க்கு வெளியே விட்டு, புதிதாகப் பிடித்த வெந்நீரை முக்கால் பாகம் ஊற்றி இறுக மூடுங்கள். தண்ணீர் 85 டிகிரிதான் என்றாலும் ஃபிளாஸ்க்குக்குள் அது இறங்காமல் நிற்கும். திறந்த கோப்பையில் மூன்று நிமிடத்தில் நடக்காத வேலை மூடிய ஃபிளாஸ்க்கில் ஆறேழு நிமிடத்தில் நடந்துவிடும். நேரம் ஆனதும் பைகளை எடுத்துவிட வேண்டும். அப்படியே விட்டுவிட்டுக் கடலைப் பார்க்கப் போனால் திரும்பி வரும்போது நாக்கில் ஒட்டுகிற அளவுக்குத் துவர்த்திருக்கும்.

வருவது டீ இல்லை, டிகாஷன். கெட்டியாக, கருஞ்சிவப்பாக இருக்கும். கோப்பையை வெந்நீரில் அலசி, பாதிக்குக் கொஞ்சம் மேலே டிகாஷன் ஊற்றி, சூடான பால் சேர்த்தால் நம் ஊர் டீக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ஃபிளாஸ்க் வாயைக் குழாய் முனையில் முட்ட வைத்துப் பிடிக்கக் கூடாது. கப்பலில் வயிற்றுப்போக்குக் கிருமி பரவினால் ஊரே படுத்துவிடும், நோரோ வைரஸ் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். சுத்தமான கோப்பையில் வெந்நீர் பிடித்து அதை ஃபிளாஸ்க்கில் ஊற்றுங்கள். இல்லாவிட்டால் அங்கே நிற்கும் பணியாளரிடம் கொடுத்தால் அவரே ஊற்றித் தருவார். பஃபேக்குள் நுழையும்போது கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சானிடைசர் இந்தக் கிருமிக்கு அவ்வளவாக வேலை செய்யாது.

எந்தத் தூள் கொண்டுபோகலாம்?

நீங்கள் வீட்டில் எதைக் குடிக்கிறீர்களோ அதுவே டீ பையாகக் கிடைத்தால் அதை வாங்குங்கள். கப்பலில் வைத்திருக்கும் பைகள் பெரும்பாலும் பால் கலக்காமல் குடிக்கிறவர்களின் பக்குவத்துக்குச் செய்தவை. கொஞ்சம் பால் பட்டாலே வெளுத்துப்போகும். நாம் குடிக்கிற சிடிசி தூள் வேறு வகை. இலையை உருளைகளுக்கு நடுவே நசுக்கி, கிழித்து, சுருட்டிச் சிறு மணிகளாக ஆக்கியிருப்பார்கள். அதனால் சாறு வேகமாக இறங்கும், சூடு கொஞ்சம் குறைந்தாலும் தாங்கும். பால் டீக்கு அதுதான் சரி.

ஏற்காட்டுத் தேயிலை கிடைக்குமா என்றும் கேட்கிறார்கள். ஏற்காடு முக்கியமாகக் காபி மலை. காபியும் மிளகும் ஆரஞ்சும்தான் அங்கே பேர்போனவை. நம் டீக்கடைகளுக்குத் தூள் பெரும்பாலும் நீலகிரியிலிருந்து வருகிறது. ரேஷன் கடையில் விற்கும் ஊட்டி டீயும் அந்த மலைதான். நீலகிரித் தூளில் மணம் நன்றாக இருக்கும். கடுப்பு இன்னும் வேண்டுமென்றால் அஸ்ஸாம் கலந்தது எடுங்கள்.

உதிரித் தூள்தான் பிடிக்கும் என்றால் நூல் வைத்த காலித் தாள் பைகள் கடைகளில் கிடைக்கின்றன. ஒரு பைக்கு ஒரு டீஸ்பூன். உதிரித் தூளை நேராக ஃபிளாஸ்க்கில் கொட்டினால் வடிகட்டவும் முடியாது, கழுவவும் முடியாது. அறையில் இருப்பது சின்ன வாஷ்பேசின்தான், அதில் தூளைக் கொட்டி அடைத்துவிடாதீர்கள்.

தூளைப் பிரிக்காத பாக்கெட்டாகக் கொண்டுபோவது நல்லது. வெறும் பாலிதீன் பையில் பழுப்புத் தூள் இருந்தால் சோதனையில் கேள்வி வரும். அப்புறம், தேயிலை மற்ற வாசனைகளை உறிஞ்சிக்கொள்ளும். சோப்பு, ஊதுபத்தி, ஊறுகாய் பக்கத்தில் வைத்தால் முடிந்தது. திருகுமூடி டப்பாவில் தனியாக வையுங்கள். கடல் காற்றில் ஈரம் அதிகம், பாக்கெட்டைப் பிரித்ததும் டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள்.

பாலுக்கு என்ன செய்வது?

இதுதான் பலருக்கும் பெரிய குறை. ஆவின் பாலைக் காய்ச்சிக் குடித்தே பழகிய நாக்குக்குக் கப்பல் பால் பிடிபட இரண்டு நாளாகும். பஃபேயில் சின்னச் சின்னக் குப்பிகளில் இருப்பது பல நேரம் பாலே இல்லை, கிரீமர். தாவர எண்ணெயும் சர்க்கரைப் பாகும் சேர்ந்தது. டீயை வெளுக்க வைக்கும், பால் ருசி தராது. அமெரிக்கக் கப்பல்களில் பாதிப் பால், பாதி கிரீம் என்று ஒன்று வைத்திருப்பார்கள். அது காபிக்கு நன்றாக இருக்கும், டீயில் எண்ணெய்போல மேலே நிற்கும்.

காலைச் சிற்றுண்டியில் சீரியலுக்கு வைத்திருக்கும் பால் நல்ல பால். ஆனால் சில்லென்று இருக்கும். அதைச் சூடாக்கிக் கேளுங்கள். காபி பாரில் இருக்கும் இயந்திரத்தில் ஆவி விட்டுப் பாலை ஒரே நிமிடத்தில் சூடாக்கிவிடலாம். கூட்டமில்லாத நேரத்தில் கேட்டால் பெரும்பாலும் செய்து தருகிறார்கள். சில கப்பல்களில் காபி பாரில் வாங்கும் எதற்கும் தனிக் காசு, சேவைக் கட்டணமும் சேரும். முதலில் விலையைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பால் பவுடர் கொண்டுபோகிறவர்கள் முழுக் கொழுப்புள்ளதாக, பிரிக்காத பாக்கெட்டாக எடுங்கள். பவுடரை நேராக டீயில் போட்டால் கட்டி கட்டியாக மிதக்கும். கோப்பையில் பவுடரைப் போட்டு, இரண்டு ஸ்பூன் வெந்நீர் விட்டுக் குழைத்து, பிறகு டிகாஷனை ஊற்றுங்கள். ஆஸ்திரேலியா பக்கம் போகும் கப்பல் என்றால் உணவுப் பொருள் சட்டம் மிகக் கடுமை. கரையில் இறங்கும்போது கையில் எது இருந்தாலும் படிவத்தில் எழுதிக் காட்டிவிட வேண்டும், பால் பவுடரைக் கொண்டுபோகாமல் இருப்பதே நல்லது.

கப்பல் தண்ணீர் கடல் தண்ணீரா? அதில் டீ போட்டால் உப்புக் கரிக்காதா?

கரிக்காது. கடல் நீரைக் காய்ச்சி ஆவியாக்கியோ சவ்வு வழியாக அழுத்தி வடிகட்டியோ நன்னீர் ஆக்குகிறார்கள். துறைமுகத்திலும் நிரப்பிக்கொள்வார்கள். குழாயில் வரும்போது குளோரினோ அதுபோன்ற கிருமிநாசினியோ கலந்திருக்கும், அந்த வாடைதான் சிலருக்குத் தெரியும். நன்றாகக் கொதித்தால் பெருமளவு போய்விடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சேலத்தில் போர் தண்ணீரில் டீ போட்டுப் பழகியவர்கள் டீ மேல் ஒரு மெல்லிய படலம் மிதப்பதைப் பார்த்திருப்பார்கள். தண்ணீரில் உள்ள சுண்ணாம்பும் தேயிலைச் சாறும் சேர்ந்து அப்படி ஆகிறது. கடல் நீரிலிருந்து எடுத்த தண்ணீரில் உப்புகள் குறைவு; அந்தப் படலம் அநேகமாக வராது, நிறம் பளிச்சென்று இருக்கும். அந்த வகையில் கப்பல் தண்ணீர் நம் போர் தண்ணீரைவிட டீக்கு ஏற்றது.

அம்மாவுக்குக் காலை 5 மணிக்கு டீ வேண்டும். கிடைக்குமா?

கிடைக்கும். பஃபே சாப்பாடு திறக்க ஆறு, ஆறரை ஆகலாம், ஆனால் பெரும்பாலான கப்பல்களில் டீ, காபி, தண்ணீர் பிடிக்கும் இடம் இரவு முழுக்கத் திறந்திருக்கும். ஏறிய முதல் நாளே அது எந்த மாடியில், எந்தப் பக்கம் என்று அம்மாவை அழைத்துப்போய்க் காட்டிவிடுங்கள். வயதானவர்களை விடியற்காலையில் ஆடும் கப்பலில் தனியாகக் கொதிநீர் தூக்கி வரச் சொல்லாதீர்கள்.

அறைக்கே வரவழைக்கவும் வழியுண்டு. இரவு படுக்கும்முன் ஆர்டர் அட்டையில் நேரம் குறித்துக் கதவுக்கு வெளியே மாட்டிவிட வேண்டும், அல்லது கப்பலின் செயலியில் பதிவு செய்ய வேண்டும். சில கப்பல்களில் இதற்குக் கட்டணம் உண்டு. வருவது மூடிபோட்ட குடுவையில் வெந்நீர், தனியாகப் பை, தனியாகப் பால். நீண்ட தாழ்வாரத்தில் தூக்கிவந்ததில் கொஞ்சம் ஆறியிருக்கும். அதனால் அப்படியே கோப்பையில் ஊற்றாமல் குடுவைக்குள்ளேயே பைகளைப் போட்டு மூடிவிடுங்கள்.

இரவிலேயே ஃபிளாஸ்க்கில் வெறும் வெந்நீர் பிடித்து வைத்து விடியற்காலையில் டீ போடலாமா என்றால், ஃபிளாஸ்க் எவ்வளவு நல்லதானாலும் அதற்குள் சூடு இறங்கியிருக்கும். டீ வெளுத்துத்தான் வரும். வெந்நீர் குடிக்க மட்டும் ஆகும்.

பணியாளர்களிடம் எப்படிக் கேட்பது? ஆங்கிலம் அவ்வளவாக வராது.

நாலு வார்த்தை போதும்: “பாயிலிங் வாட்டர், டீ பேக் செப்பரேட், ஹாட் மில்க், ப்ளீஸ்.” சாப்பாட்டு அறையில் உங்கள் மேசைக்கு வருகிறவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். தினமும் அதே மேசை, அதே ஆள் என்றால் இரண்டாம் நாள் நீங்கள் உட்காரும்போதே பானை வந்துவிடும். கப்பல் வேலையில் இந்தியர்கள் நிறைய. சட்டையில் பெயரும் நாடும் எழுதியிருக்கும். தமிழ்நாட்டுப் பையனோ கேரளத்துப் பையனோ கண்ணில் பட்டால் “தம்பி, நல்லா சூடா ஒரு டீ கிடைக்குங்களா?” என்று கேளுங்கள். அவர்களும் வீட்டை விட்டு மாதக் கணக்கில் கடலில் இருப்பவர்கள். நாம் கேட்பது என்ன டீ என்று அவர்களுக்குச் சொல்லி விளக்க வேண்டியதில்லை.

அதே நேரம், அவர்களுக்கு ஓய்வு குறைவு, விதிகள் அதிகம். சமையலறைக்குள் விடச் சொல்வது, நம் தூளைக் கொடுத்துக் கொதிக்க வைக்கச் சொல்வது வேண்டாம். சுகாதார விதிப்படி வெளிப்பொருளை உள்ளே எடுக்க மாட்டார்கள், மறுப்பதற்கு அவர்கள் சங்கடப்படுவார்கள்.

டீயில் காபி வாடை வருகிறதே?

ஒரே குழாயிலோ ஒரே குடுவையிலோ காபியும் வெந்நீரும் வந்தால் அப்படித்தான். வெந்நீருக்கென்று தனிக் குழாய் இருக்கும் இயந்திரத்தைத் தேடுங்கள். அறைக்கு வரும் குடுவையைத் திறந்து முகர்ந்து பாருங்கள், வாடை இருந்தால் மாற்றித் தரச் சொல்லலாம்.

ரெடிமேட் டீ பாக்கெட் போதாதா? வெந்நீர் ஊற்றினால் ஆயிற்றே.

அவசரத்துக்கு ஆகும். பால் பவுடரும் சர்க்கரையும் சேர்ந்தே இருப்பதால் தண்ணீர் கொஞ்சம் ஆறியிருந்தாலும் கரையும். ஆனால் சர்க்கரையைக் குறைக்க முடியாது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் பாக்கெட்டின் பின்பக்கம் படித்து, சர்க்கரை இல்லாத வகையாகப் பார்த்து வாங்குங்கள். எனக்கு அந்த ருசியில் திருப்தி இல்லை. கையிருப்பாக நாலைந்து வைத்துக்கொள்ளலாம்.

வெல்லம் போட்டுக் குடிக்கிறவர்கள்?

தாராளமாக எடுத்துப் போகலாம், தூளாக இருந்தால் வசதி. பால் சேர்த்துக் கொதிக்கும்போது போட்டால் சில வெல்லத்தில் பால் திரிந்துவிடும். கோப்பையில் ஊற்றியபின் கடைசியாகப் போடுங்கள்.

கப்பல் ஆடும்போது டீ குடிக்கலாமா?

வெறும் வயிற்றில் கெட்டியான டீ வேண்டாம், குமட்டல் கூடும். இரண்டு பிஸ்கட் சாப்பிட்டுவிட்டு லேசான டீயில் சுக்குத்தூள் ஒரு சிட்டிகை போட்டுக் குடியுங்கள். இஞ்சி குமட்டலுக்குக் கொஞ்சம் உதவும். மருத்துவர் கொடுத்த மாத்திரைக்கு அது மாற்று இல்லை. ஆடும்போது கோப்பையை முக்காலுக்கு மேல் நிரப்பாதீர்கள், குழந்தை மடியில் இருக்கும்போது சூடான டீயைக் கையில் எடுக்கவே வேண்டாம்.

மாலையில் ‘ஆஃப்டர்நூன் டீ’ என்று போட்டிருக்கிறதே, அது என்ன?

மூன்றரை, நாலு மணி வாக்கில் பானையில் டீயும் அதனுடன் சின்ன சாண்ட்விச், கேக், ஸ்கோன் என்கிற ரொட்டியும் தருவார்கள். குனார்டு கப்பல்களில் வெள்ளைக் கையுறை போட்ட பணியாளர்கள் பரிமாறுவது பேர்பெற்ற விஷயம். அவசியம் போய் உட்காருங்கள். பல கப்பல்களில் ஓரளவு சூடான, பானையில் ஊறிய டீ கிடைப்பது அந்த ஒரு மணி நேரத்தில்தான். சைவம் சாப்பிடுகிறவர்கள் சாண்ட்விச்சில் முட்டை, மீன் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தட்டுவடை செட்டுடன் டீ குடித்துப் பழகியவர்களுக்கு அந்தக் காரம் அங்கே கிடைக்காது. பிரிக்காத தட்டுவடைப் பாக்கெட்டைப் பொதுவாக அனுமதிக்கிறார்கள். வீட்டில் சுட்டதை அனுமதிப்பதில்லை.

துறைமுகத்தில் இறங்கினால் நல்ல டீ எங்கே கிடைக்கும்?

சிங்கப்பூரிலும் பினாங்கிலும் கவலையே இல்லை. தே தாரிக் கேளுங்கள். நம் தமிழ் முஸ்லிம் கடைகளில் ஆற்றி ஆற்றி நுரையோடு கொடுப்பார்கள். அதில் கண்டென்ஸ்டு மில்க் சேர்வதால் இனிப்பு தூக்கலாக இருக்கும். பால் இல்லாமல் வேண்டுமென்றால் ‘தே ஓ’, சர்க்கரை வேண்டாமென்றால் ‘கோசோங்’ என்று சேர்த்துச் சொல்லுங்கள். சிங்கப்பூரில் லிட்டில் இந்தியா போனால் தமிழிலேயே கேட்கலாம். இலங்கையில் பால் சேர்க்காத ப்ளேன் டீயைக் குடித்துப் பாருங்கள், இஞ்சி போட்டுக் கொடுக்கும் கடைகள் உண்டு. அங்கேயே தேயிலையும் வாங்கிக்கொள்ளலாம், மிச்சப் பயணத்துக்கு ஆகும்.

இறங்குகிற நாள் காலையில்?

அன்றைக்குப் பல கப்பல்களில் அறைக்கு டீ வராது. பஃபேயில் எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து நிற்பார்கள். பெரிய பெட்டிகளை முந்தின இரவே அறைக்கு வெளியே வைத்துவிடச் சொல்வார்கள். அதற்குள் ஃபிளாஸ்க்கையும் நாலு டீ பைகளையும் வைத்து மூடிவிடாதீர்கள், கைப்பையில் வையுங்கள். கூட்டம் வருவதற்கு முன் போய் டிகாஷன் போட்டுக்கொண்டு வந்தால், இறங்க அழைக்கும்வரை குடும்பத்தோடு உட்கார்ந்து குடிக்கலாம். ஃபிளாஸ்க்கைக் காலி செய்துவிட்டு இறங்குங்கள். விமான நிலையச் சோதனையில் டீயோடு உள்ளே விட மாட்டார்கள்.